தடம் படிக்கும் நத்தை

மழை பெய்து ஓய்ந்த இரவுக்கு மறுநாள் காலையில் கொல்லைப்புறச் சுவரிலோ கிணற்றடிச் சிமெண்டுத் தரையிலோ வெள்ளிச் சரிகை இழுத்ததுபோல ஒரு கோடு மினுங்கும். அது பூந்தொட்டியின் அடியில் தொடங்கி, கீரைப்பாத்தியைச் சுற்றிக்கொண்டு, ஏதோ ஒரு செங்கல் இடுக்கில் போய் மறையும். நத்தை போன வழி அது என்று குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால் அந்தக் கோட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றால் ஒரு புதிர் எழும். ஓடித் தப்பிக்கும் வேகம் நத்தைக்கு இல்லை. கடிக்கவோ கொட்டவோ அதனால் முடியாது. ஒளிந்துகொள்வது ஒன்றுதான் அதற்கு வழி. அப்படிப்பட்ட உயிர், தான் எங்கிருந்து கிளம்பியது, எங்கே உண்டது, இப்போது எந்த இடுக்கில் உறங்குகிறது என்பதையெல்லாம் தரையிலேயே எழுதிவைத்துவிட்டுப் போகிறதே, இது எப்படிப் பிழைத்திருக்கிறது? விடையின் ஒரு பாதி எளிது. நத்தையைத் தின்னும் உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. பறவை கண்ணால் தேடுகிறது, எலி மூக்கால் துழாவுகிறது. இரண்டும் நத்தையைத்தான் தேடுகின்றனவே தவிர, அதன் கோட்டை வரி பிடித்துத் தொடர்வதில்லை. விடையின் மறுபாதிதான் வியப்பானது. அந்தக் கோட்டை முதலிலிருந்து கடைசிவரை படித்துப் போகும் உயிர் ஒன்று உண்டு. அதுவும் ஒரு நத்தைதான்.

அமெரிக்காவின் தென்கிழக்கில் ஃப்ளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, லூசியானா ஆகிய மாநிலங்களின் அகன்ற இலை மரக்காடுகளில், உதிர்ந்த சருகுக்கு அடியில் வாழ்கிறது இந்த நத்தை. விலங்கியலாளர்கள் வைத்த பெயர் யூக்ளாண்டினா ரோசியா. இருமுனையும் கூம்பி நூற்புக்கதிர் போல நீண்ட ஓடு, அதில் இளஞ்சிவப்பும் பழுப்பும் கலந்த சாயல். அந்த நிறத்தையும் அதன் வேட்டைக் குணத்தையும் சேர்த்து அங்குள்ளவர்கள் அதை ரோசா நிற ஓநாய் நத்தை என்கிறார்கள். நாம் சுருக்கமாக ஓநாய் நத்தை என்று அழைக்கலாம். தன் சொந்தக் காட்டில் யாருடைய கவனத்துக்கும் வராமல் வாழ்ந்துவந்த இந்த உயிரின் பெயர், பசிபிக் தீவுகளில் பல நத்தை இனங்களின் அழிவோடு சேர்ந்துவிட்டது. காரணம் அதன் கொடூரம் என்று சொல்வது எளிது. ஆனால் உண்மையில் தவறு அதனுடையதில்லை. ஒரு வேட்டையாடியால் எதைத் தின்ன முடியும் என்பது ஒரு கேள்வி. அது எதைத் தேடிப் போகும் என்பது முற்றிலும் வேறொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கிடைத்த விடையையே இரண்டாவதற்கும் விடையாக மனிதர்கள் எடுத்துக்கொண்டதுதான் பேரழிவுக்கு வழி திறந்தது. இதைப் புரிந்துகொள்ள, அந்த வெள்ளிக் கோட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

நத்தையை வயிற்றுக்காலி என்று பாடநூல்கள் சொல்லும். வயிற்றுப்புறம் முழுவதும் ஒரே தசைப் பாதமாக இருப்பதால் வந்த பெயர் அது. பாதத்தின் முன்பகுதியில் உள்ள சுரப்பியிலிருந்து வழவழப்பான கோழை கசிந்துகொண்டே இருக்கும். நத்தை தன் பாதையில் தானே கோழை விரித்து, அதன்மேல் தசையை அலை அலையாக அசைத்து ஊர்கிறது. செங்குத்தான சுவரில் ஊரும்போது ஒரே பொருள் பசையாகவும் எண்ணெயாகவும் இருந்தாக வேண்டுமே, அது எப்படி என்ற கேள்விக்குக் கெட்டித் தயிர் விடை சொல்லும். நன்றாக உறைந்த தயிர்ப் பாத்திரத்தைச் சற்றுச் சாய்த்தால் தயிர் அப்படியே நிற்கும். கரண்டியால் அழுத்திக் கலக்கினால் உடனே இளகி ஓடும். நத்தையின் கோழையும் அப்படித்தான். தசை அழுத்தாத இடத்தில் திடப்பொருள் போலப் பிடித்துக்கொள்கிறது, அலை வந்து அழுத்தும் இடத்தில் நீர்மம் போல வழிவிடுகிறது. ஆனால் இதற்கு நத்தை கொடுக்கும் விலை பெரிது. வட அமெரிக்காவில் வாழும் ஓடில்லாத நத்தை ஒன்றைக் கொண்டு மார்க் டென்னி என்ற ஆய்வாளர் 1980இல் வெளியிட்ட அளவீடுகள், நடப்பது, நீந்துவது, பறப்பது ஆகிய எல்லாவற்றையும்விட ஊர்வதுதான் அதிகச் செலவு பிடிக்கும் பயணம் என்று காட்டின. அந்தச் செலவில் பெரும்பகுதி கோழையை உற்பத்தி செய்யவே போகிறது. ஆகவே கோழைத்தடத்தை விட்டுச் செல்வது நத்தையின் அசட்டுத்தனம் அன்று. அது இல்லாமல் நத்தையால் ஓரங்குலமும் நகர முடியாது.

விலை கொடுத்து விரித்த பாதை வேறு பயன்களும் தருகிறது. பல நத்தை இனங்கள் தங்கள் இனத்தின் தடத்தைத் தொடர்ந்து சென்று இணையைக் கண்டுபிடிக்கின்றன. கண்பார்வை மங்கலான, குரல் எழுப்ப முடியாத ஓர் உயிருக்கு, காட்டுச் சருகுக்குள் துணை தேட இதைவிட நல்ல வழி இல்லை. ஓநாய் நத்தை செய்ததெல்லாம் இந்தப் பழைய திறமையைப் புதிய வேலைக்குத் திருப்பியதுதான். தன் இனத்தின் தடமானால் அதன் முடிவில் இணை, பிற இனத்தின் தடமானால் அதன் முடிவில் இரை. இந்த வேலைக்கென்றே அதன் வாயின் இருபுறமும் உதடு மீசை போல நீண்டு கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. மற்ற நிலநத்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு இணை உணர்கொம்புகள்தான் உண்டு. பார்க்கிறவர்களுக்கு ஓநாய் நத்தைக்கு மூன்றாவதாக ஓர் இணை இருப்பதுபோலத் தோன்றும். ஊரும்போது அது அந்த மீசை நுனிகளால் தரையைத் தடவிக்கொண்டே போகும். எழுத்தை விரலால் தடவிப் படிப்பவர்களின் கை எப்படி வரியை விட்டு விலகாதோ, அப்படித்தான் இந்த மீசையும் கோட்டை விட்டு விலகாது.

பார்ப்பதற்கு அப்படித் தோன்றுகிறது என்பது அறிவியலுக்குப் போதாது. நத்தை தடத்தைத்தான் தொடர்கிறது, காற்றில் வரும் இரையின் வாடையை அல்ல என்று எப்படி உறுதிசெய்வது? ஆய்வகத்தில் இதற்குச் செய்தது எளிய சோதனை. இரை நத்தையை ஒரு பரப்பில் ஊரவிட்டு, பிறகு அதை எடுத்துவிட வேண்டும். இப்போது அங்கே இருப்பது கோடு மட்டும்தான், இரை இல்லை. அந்தக் கோட்டின்மேல் ஓநாய் நத்தையை விட்டால், இரையே இல்லாத வெற்றுக் கோட்டை அது வளைவு வளைவாகத் தொடர்கிறது. அடுத்த கேள்வி, எந்த உறுப்பால் என்பது. உதட்டு நீட்சிகளை நீக்கிவிட்ட நத்தைகளை அதே கோட்டில் விட்டுப் பார்த்தார்கள். அவை நன்றாக ஊர்ந்தன, ஆனால் கோட்டைத் தொடரவில்லை. கண்ணும் உணர்கொம்பும் அப்படியே இருந்தும் பயனில்லை. ஆக, படிக்கும் விரல் அந்த மீசைதான். தடத்தில் தொட்டு அறியும் வேதிச் சுவடுகளைக் கொண்டே, இது என் இனம், இது பிற இனம் என்று அது பிரித்தறிகிறது என்பதும் இத்தகைய சோதனைகளில் தெளிவானது.

தடத்தின் முடிவில் நடப்பது சுருக்கமாக முடிந்துவிடும். நத்தைகளின் வாய்க்குள் ராடுலா என்றொரு உறுப்பு உண்டு. நாக்குப் பட்டையின்மேல் வரிசை வரிசையாகப் பற்கள் பதித்த அமைப்பு அது. அரம் பதித்த நாக்கு என்பதால் அரநாக்கு என்று தமிழில் சொல்லலாம். நம் தோட்டத்து நத்தைக்கு அது தேங்காய்த் துருவி போலச் சிறு பற்கள் நெருங்கியது, இலையைச் சுரண்டித் தின்ன ஏற்றது. ஓநாய் நத்தையின் அரநாக்கில் பற்கள் நீண்டு கூர்ந்து உட்புறமாக வளைந்திருக்கும், துரட்டியின் நுனியைப் போல. சிறிய நத்தையாக இருந்தால் ஓட்டோடு விழுங்கிவிடும். பெரியதாக இருந்தால் ஓட்டின் வாய்க்குள் தலையை நுழைத்துச் சதையை இழுத்துத் தின்னும். ஓட்டை அது நொறுக்குவதில்லை. சாப்பிட்டு முடித்த இடத்தில் முழு ஓடு காலியாகக் கிடக்கும். இந்தச் சிறு விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு வழக்கில் இதுவே சாட்சி சொல்லப்போகிறது.

இத்தனை திறமை இருந்தும் ஃப்ளோரிடாவின் காடுகளில் நத்தைகள் அழிந்துவிடவில்லை. அங்கே ஓநாய் நத்தையும் இரைகளும் நெடுங்காலம் ஒரே சருகுப் படுகையில் சேர்ந்து வாழ்ந்தவை. வேகமாகப் பெருகும் இனங்களே அங்கே இரை. நூறு போனால் இருநூறு வரும். ஓநாய் நத்தைக்கும் எல்லைகள் உண்டு. அது ஈரத்தையும் நிழலையும் விட்டு வெளியேறத் தயங்கும் உயிர். வெயில் விழும் வெட்டவெளியில் அதன் உடல் காய்ந்துபோகும். ஒரு வேட்டையாடியின் ஆற்றல் அதன் பல்லில் மட்டும் இல்லை, அது வாழும் இடத்தின் நிழலிலும், அதன் இரையின் கருவளத்திலும் பாதி இருக்கிறது. ஓர் உயிரை அதன் காட்டிலிருந்து பெயர்த்து எடுத்து வேறு மண்ணில் விடும்போது நாம் எடுத்துச் செல்வது அந்தப் பல்லை மட்டும்தான். அதைக் கட்டுக்குள் வைத்திருந்த மற்றவை பழைய காட்டிலேயே தங்கிவிடுகின்றன.

அப்படிப் பெயர்த்து எடுக்கக் காரணமாக இருந்தது இன்னொரு நத்தை. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ராட்சத நத்தையைத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மழைக்காலத்தில் பார்க்கிறோம். உள்ளங்கை அளவுக்கு வளரும். பப்பாளி, வாழை, காய்கறி என்று பேதமில்லாமல் தின்னும். எலி நுரையீரல் புழு என்னும் ஒட்டுண்ணியைச் சுமந்து, மனிதருக்கு மூளைக்காய்ச்சல் வரவும் காரணமாகும். 1847இல் கொல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டு இந்தியாவில் பரவத் தொடங்கிய இந்த நத்தை, 1936இல் ஹவாய்த் தீவுகளை எட்டியது. பயிர்கள் பாழாயின. அதற்கு ஓர் எதிரி தேவைப்பட்டது. நத்தை தின்னும் நத்தை ஃப்ளோரிடாவில் இருக்கிறது என்பது தெரிந்த செய்தி. 1955இல் ஓநாய் நத்தை ஹவாயில் விடப்பட்டது. தாஹித்தியில் 1974இலும், அதன் பக்கத்துத் தீவான மொரேயாவில் 1977இலும் அதே காரணத்துக்காக விடப்பட்டது. இதை முட்டாள்தனம் என்று இன்று சொல்வது நியாயமாகாது. பயிரை இழந்து நின்ற மக்களின் துயரம் உண்மையானது, நஞ்சு தெளிப்பதைவிட இயற்கை எதிரியை நாடுவது மேல் என்ற எண்ணமும் நல்லெண்ணம்தான். ஆனால் அந்த முடிவின் அடியில் இருந்த கேள்வி ஒன்றே ஒன்று: இது நத்தையைத் தின்னுமா? தின்னும் என்பது விடை. எந்த நத்தையை என்று யாரும் போதுமான அளவு கேட்கவில்லை.

மொரேயாவில் என்ன நடந்தது என்பது நமக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். ஏனென்றால் அந்தத் தீவின் நத்தைகள் உலகிலேயே மிக நுணுக்கமாக ஆராயப்பட்டவற்றுள் சேர்ந்தவை. பார்ட்டுலா என்ற பேரினத்தைச் சேர்ந்த மரநத்தைகள் அவை. தீவுக்குத் தீவு, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு ஓட்டின் நிறமும் வடிவமும் சுழற்சியும் மாறியிருந்ததால், புதிய இனங்கள் எப்படித் தோன்றுகின்றன என்பதை அறிய அவை கண்முன் விரிந்த பாடநூலாக இருந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹென்றி கிராம்ப்டன் பல்லாண்டு உழைத்து அவற்றை வகைப்படுத்தினார். 1960களிலிருந்து பிரையன் கிளார்க், ஜேம்ஸ் மர்ரே, மைக்கேல் ஜான்சன் ஆகியோர் அவற்றின் மரபியலை ஆராய்ந்தார்கள். ஆகவே எந்தப் பள்ளத்தாக்கில் எந்த இனம் எவ்வளவு இருந்தது என்ற கணக்கு, ஓநாய் நத்தை வருவதற்கு முன்பே கையில் இருந்தது. 1977க்குப் பிறகு அதே ஆய்வாளர்கள் அந்தக் கணக்கு ஒவ்வொரு பள்ளத்தாக்காக அழிவதைப் பார்க்க நேர்ந்தது. ஓநாய் நத்தையின் முன்னணி ஆண்டுக்குச் சுமார் 1.2 கிலோமீட்டர் வேகத்தில் தீவுக்குள் நகர்ந்தது. அது எட்டாத இடத்தில் பார்ட்டுலா இருந்தது, எட்டிக் கடந்த இடத்தில் இல்லை. விடப்பட்ட பத்து ஆண்டுகளுக்குள் மொரேயாவின் ஏழு பார்ட்டுலா இனங்களும் காட்டில் அழிந்துவிட்டதாக ஆய்வாளர்கள் அறிவிக்க வேண்டி வந்தது. பின்னாளில் எஞ்சிய ஓரிரு சிறு கூட்டங்கள் மட்டுமே கண்ணில் பட்டன.

சருகுக்கு அடியில் வாழ்வது மரத்தில் இருந்த நத்தையை எப்படி எட்டியது என்று கேட்கலாம். முன்பு சொன்ன கோழைத்தடம்தான் ஏணியாக அமைந்தது. மரநத்தை எந்த வழியாகத் தண்டில் ஏறியதோ, அந்த வழியை அடிமரத்திலிருந்து இலை நுனிவரை எழுதிவைத்திருந்தது. வேட்டையாடும் நத்தையோடு சேர்ந்து வாழ்ந்த வரலாறு அந்த இனத்துக்கு இல்லை. எனவே தப்பிக்கும் பழக்கமும் இல்லை. இதைவிட முக்கியம், இழந்ததை ஈடுகட்டும் வேகம் அதற்கு இல்லாதது. பார்ட்டுலாவும் ஹவாயின் அகாட்டினெல்லா மரநத்தைகளும் நூற்றுக்கணக்கில் முட்டையிடுபவை அல்ல. உருவான குட்டியை ஒன்று ஒன்றாக ஈனுபவை. முதிர்ச்சி அடையவே அகாட்டினெல்லாவுக்குப் பல ஆண்டுகள் ஆகும். ராட்சத ஆப்பிரிக்க நத்தையோ ஒரே தடவையில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் இடவல்லது. ஒரே வேட்டையாடியை இந்த இரண்டுக்கும் நடுவில் விட்டால், யார் பிழைப்பார், யார் மறைவார் என்பதை எண்ணிச் சொல்லக் கணிதம் தேவையில்லை. தினம் நூறு ரூபாய் வரவு உள்ளவனிடமும், மாதம் பத்து ரூபாய் வரவு உள்ளவனிடமும் ஒரே அளவு வரி பிடுங்கினால், எந்த வீட்டில் அடுப்பு அணையும் என்பது போன்ற கணக்குத்தான் இது.

ஹவாயில் ஒருகாலத்தில் 750க்கும் மேற்பட்ட நிலநத்தை இனங்கள் இருந்தன. அவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை. ஓவாஹு தீவுக்கே உரிய அகாட்டினெல்லா பேரினத்தின் 41 இனங்களையும் 1981இல் அமெரிக்க அரசு அழியும் தறுவாயில் உள்ளவை என்று ஒட்டுமொத்தமாகப் பட்டியலிட்டது. அந்தப் பேரினத்தில் அகாட்டினெல்லா அபெக்ஸ்ஃபுல்வா என்பது மேலைநாட்டு அறிவியல் முதன்முதலில் விவரித்த ஹவாய் நிலநத்தை. 1780களில் கப்பல் தலைவர் ஒருவருக்கு அணிவிக்கப்பட்ட ஓட்டு மாலையிலிருந்துதான் அது அறியப்பட்டது. மாலை கோக்கும் அளவுக்கு மலிந்திருந்த அந்த இனத்தின் கடைசி நத்தை, ஜார்ஜ் என்ற பெயரோடு ஆய்வகக் கூண்டில் தனியாக வளர்ந்து, 14 வயதில் 2019 ஜனவரி 1 அன்று இறந்தது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பை எதிர்கொள்ள வேண்டும். தீவு நத்தைகள் அழிந்ததற்குக் காடழிப்பு, கப்பலில் வந்த எலிகள், ஓடு சேகரிப்பவர்களின் ஆசை எனப் பல காரணங்கள் இருக்க, பழி முழுவதையும் ஒரு நத்தையின் தலையில் கட்டலாமா? கட்டக் கூடாது. ஹவாயின் தாழ்நிலக் காடுகள் ஓநாய் நத்தை வருவதற்கு வெகுகாலம் முன்பே வெட்டப்பட்டுவிட்டன, எலிகளும் நத்தைகளை ஏராளமாகத் தின்றன, தின்கின்றன. ஆனால் காரணங்களைப் பிரித்தறிய வழி இருக்கிறது. எலி ஓட்டைக் கடித்து உடைக்கும், அந்த உடைப்பில் அதன் பல்லின் அடையாளம் இருக்கும். ஓநாய் நத்தை தின்ற ஓடு முழுதாகக் கிடக்கும். முன்பு நினைவில் வைக்கச் சொன்ன சாட்சி இதுதான். ஓவாஹுவின் வாயனாயி மலையில் மைக்கேல் ஹேட்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் மரநத்தைகளுக்கு ஒவ்வொன்றாக அடையாளமிட்டுப் பல ஆண்டுகள் எண்ணி வந்தார்கள். 1970களின் இறுதியில் ஓநாய் நத்தை அந்த இடத்தை எட்டியதும் அந்தக் கூட்டம் மறைந்தது. மொரேயாவின் சாட்சி இன்னும் வலுவானது. காடு அப்படியே நின்றது, எலி பல நூற்றாண்டுகளாக அங்கே இருந்தது. பத்தாண்டுக்குள் மாறியது ஒன்றே ஒன்றுதான், அது நகர்ந்த திசையிலேயே அழிவும் நகர்ந்தது. பல காரணங்கள் சேர்ந்து ஒரு வீட்டைப் பலவீனப்படுத்தியிருக்கலாம். கடைசித் தூணைச் சாய்த்தது எது என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது மறுப்பு: உள்ளூர் நத்தைகள் போனாலும், பயிரைத் தின்ற ராட்சத நத்தை கட்டுப்பட்டதல்லவா? சில இடங்களில் ஓநாய் நத்தை விடப்பட்ட பிறகு ராட்சத நத்தையின் எண்ணிக்கை குறைந்தது உண்மை. ஆனால் ஓநாய் நத்தையே இல்லாத ஊர்களிலும் அப்படிக் குறைந்திருக்கிறது. புதிய நிலத்தில் கட்டுமீறிப் பெருகி, சில பத்தாண்டுகளுக்குப் பின் தானாகவே சரிவது அந்த நத்தையின் வழக்கம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததை வைத்துக் காக்கைக்குப் பெருமை சேர்க்க முடியாது. இதைவிடத் தெளிவான சான்று ஓநாய் நத்தையின் பிறந்த மண்ணிலேயே கிடைக்கிறது. 1966இல் ஹவாயிலிருந்து திரும்பிய ஒரு சிறுவன் மூன்று ராட்சத நத்தைகளை ஃப்ளோரிடாவின் மயாமி நகருக்குக் கொண்டுவந்தான். அவை தோட்டத்தில் விடப்பட்டுச் சில ஆண்டுகளில் பல்லாயிரமாகப் பெருகின. ஓநாய் நத்தையின் சொந்த மாநிலத்தில், அதன் கண்ணெதிரே நடந்தது இது. அதை ஒழித்தது ஓநாய் நத்தை அன்று. மனிதர்கள் தெருத்தெருவாகப் பொறுக்கியும் நச்சு இரை வைத்தும் 1975இல் முடித்தார்கள். 2011இல் ராட்சத நத்தை மயாமிக்கு மீண்டும் வந்தபோதும் அதே கதைதான். பத்தாண்டுகளில் 1,68,000க்கும் மேற்பட்ட நத்தைகளைக் கையால் சேகரித்து, மோப்ப நாய்களின் உதவியோடு தேடி, 2021இல்தான் ஒழித்ததாக அறிவிக்க முடிந்தது. சொந்த ஊரில் செய்ய முடியாத வேலையை, அறியாத தீவில் செய்யும் என்று எதிர்பார்த்ததற்கு என்ன அடிப்படை இருந்தது?

ஏன் செய்யவில்லை என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. முழுதாக வளர்ந்த ராட்சத நத்தை ஓநாய் நத்தையைவிடப் பெரியது, கையாளக் கடினமானது. ஓநாய் நத்தை சிறிய இரையையே நாடுகிறது. ஹவாயில் செய்யப்பட்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வு இந்தக் கேள்வியை நேராகவே கேட்டது. ராட்சத நத்தையின் தடமும், ஹவாய்க்கே உரிய நத்தையின் தடமும் கிடைக்கும்போது ஓநாய் நத்தை எதைத் தொடர்கிறது? உள்ளூர் நத்தையின் தடத்தையே அது அதிகம் தேர்ந்தெடுத்தது. எதை ஒழிக்க அழைத்துவரப்பட்டதோ அதை விட்டு, எதைக் காக்க வேண்டியிருந்ததோ அதைத் தேடிப் போனது. கோடும் மீசையும் கொண்ட இந்தச் சோதனைக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. 1955க்கு முன்பே இதைச் செய்து பார்த்திருக்கலாம். இன்னொரு கண்டுபிடிப்பும் அதே பாடத்தைச் சொல்கிறது. ஹவாயில் உள்ள ஓநாய் நத்தைகளின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அங்கே இருப்பது ஓர் இனமில்லை, தோற்றத்தில் ஒத்த இரண்டு இனங்கள் என்று 2017இல் தெரிவித்தார்கள். விட்டவர்களுக்குத் தாங்கள் எத்தனை வகை உயிர்களை விடுகிறோம் என்பதே தெரிந்திருக்கவில்லை.

இப்படியென்றால் உயிரைக் கொண்டு உயிரைக் கட்டுப்படுத்தும் முறையே தவறா என்பது மூன்றாவது கேள்வி. தவறில்லை என்பதற்குத் தமிழ்நாட்டு உழவர்களே சாட்சி. 2008இல் கோயம்புத்தூர் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு மரவள்ளியையும் மல்பெரியையும் பாழாக்கியது. மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள், குறிப்பாக அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவி, வயல்களில் விடப்பட்டதும் அந்தப் பூச்சி வேகமாக அடங்கியது. அந்தக் குளவிக்கும் ஓநாய் நத்தைக்கும் உள்ள வேறுபாடுதான் இந்தக் கட்டுரையின் மையம். குளவி அந்த மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டே தன் தலைமுறையை வளர்க்கிறது. பூச்சி குறைந்தால் குளவியும் குறையும், பக்கத்துத் தோட்டத்து வேறு பூச்சிகளைத் தின்று பெருகிவிடாது. இப்படி ஒன்றையே நம்பி வாழும் உயிரை ஓருணவி எனலாம். பூட்டும் அதன் சாவியும் போன்ற உறவு அது. ஓநாய் நத்தையோ கோழைத்தடம் விடும் எதையும் பின்தொடரும் பல்லுணவி. அதன் கையில் இருப்பது எல்லாப் பூட்டையும் திறக்கும் கள்ளச்சாவி. பல்லுணவிக்கு ஓர் இரை தீர்ந்தால் பசி தீர்வதில்லை, அடுத்த இரைக்குப் போகிறது. அரிய இனத்தின் கடைசிச் சிலவற்றைக்கூட அது விட்டுவைக்காததற்குக் காரணம் இதுதான். மற்ற இரைகள் அதன் எண்ணிக்கையைத் தாங்கிப் பிடிப்பதால், அரிய இனம் அருகிப்போவது அதற்கு ஒரு குறையாகவே தெரிவதில்லை.

இந்தக் கதையில் நம்பிக்கைக்கும் இடம் உண்டு, அதுவும் அறிவிலிருந்தே வந்தது. தாஹித்தியில் பார்ட்டுலா ஹயலினா என்ற வெண்ணிற ஓட்டு நத்தை சில பள்ளத்தாக்குகளில் தப்பிப் பிழைத்திருந்தது. ஏன் என்று அறிய மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அரிசி மணி அளவே உள்ள, சூரிய ஒளியில் இயங்கும் நுண்கணினிகளை ஓநாய் நத்தைகளின் ஓட்டில் ஒட்டினார்கள். பாதுகாக்கப்பட்ட பார்ட்டுலாவின் மேல் எதையும் ஒட்டக் கூடாது என்பதால், அது ஓய்வெடுக்கும் இலைகளில் அவற்றைப் பொருத்தினார்கள். 2021இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. வெண்ணத்தை தங்கும் காட்டு விளிம்பில் விழும் வெளிச்சம், ஓநாய் நத்தை தேடும் இடத்தைவிடச் சுமார் 10 மடங்கு அதிகம். வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அனுப்புவதால் பார்ட்டுலாவால் அங்கே இருக்க முடிகிறது. சருகு நிழலில் பிறந்த வேட்டையாடியால் அந்த வெயிலைக் கடந்து வர முடிவதில்லை. ஆக, அந்தக் காட்டு விளிம்புகளைக் காப்பது அந்த இனத்தைக் காப்பதாகும். ஹவாயில் நத்தை ஏறிக் கடக்க முடியாத விளிம்பும், செப்பு வலையும், மின்கம்பியும் கொண்ட வேலிகளுக்குள் மரநத்தைகளைக் காக்கிறார்கள். உயிர்க்காட்சிச் சாலைகளில் தலைமுறை தலைமுறையாக வளர்த்த பார்ட்டுலாக்களை 2015 முதல் அவற்றின் தீவுகளில் மீண்டும் விடுகிறார்கள். விடும்போது ஒவ்வொன்றின் ஓட்டிலும் வண்ணப் புள்ளி வைக்கிறார்கள். 2024இல் மொரேயாவில் புள்ளி இல்லாத வளர்ந்த நத்தைகள் கண்ணில் பட்டன. அவை காட்டிலேயே பிறந்தவை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இருநூற்றுக்கும் மேற்பட்ட நிலநத்தை இனங்கள் வாழ்கின்றன. அவற்றுள் பெரும்பான்மை உலகில் வேறெங்கும் இல்லாதவை. செந்நிற உடல் கொண்ட இந்திரெல்லா அவற்றுள் ஒன்று. இலங்கையின் ஈரக்காடுகளில் உள்ள அகாவஸ் மரநத்தைகளும் அந்தத் தீவுக்கு மட்டுமே சொந்தம். நம் ஊர்களிலும் மழைக்காலத்தில் ராட்சத நத்தை பெருகும்போது, இதைத் தின்னும் உயிர் எதையாவது கொண்டுவந்து விடலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஈரச் சாக்கில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வைத்து நத்தைகளை ஓரிடத்தில் சேர்த்து, கையுறை அணிந்து பொறுக்கி அழிப்பது அலுப்பான வேலைதான். ஆனால் அந்த வேலையை நாளைக்கு நிறுத்திக்கொள்ள முடியும், தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள முடியும். வேட்டையாடி ஒன்றை விடும் யோசனை எங்கிருந்து வந்தாலும், இது நம் எதிரியைத் தின்னுமா என்று கேட்பதோடு நிறுத்தாமல், நம் காட்டில் உள்ள அத்தனை தடங்களுக்கும் நடுவே இது எதைத் தேடிப் போகும் என்று கேளுங்கள். அதற்குச் சோதனையின் விடை வரும்வரை பொறுத்திருக்கச் சொல்லுங்கள். 1955இல் ஹவாயில் விடப்பட்ட ஓநாய் நத்தையை அந்தத் தீவுகளிலிருந்து முழுவதுமாக நீக்கும் வழி இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.